சிக்கலில்லாத ஆயிரம் நாட்கள்

கொச்சியில் கலூர் ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருக்கிற நிர்விக்னா ஜீரண மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பிள்ளையார் இல்லை, ஒரு பலகை. சிவப்பு எழுத்தில் மின்னுகிற அந்தப் பலகை, 'இம்மருத்துவமனையில் சிக்கல் ஏதுமின்றி 412 நாட்கள்' என்று அன்றைக்குச் சொன்னது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அதில் ஒன்று கூடும். கூடுகிறபோது ஊழியர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். நோயாளிகளும் தட்டலாம், கட்டாயமில்லை. ஆனால் தட்டாதவர்களை ஸுப்ரியா பார்ப்பாள். அவள் அங்கே தர மேலாண்மை அதிகாரி. அவள் பார்த்தால் வயிற்று வலியில் சுருண்டு கிடப்பவர்கூட இரண்டு கையையும் வெளியே எடுத்துத் தட்டிவிடுவார்.

அன்று முதல் தடவையாக வந்திருந்த ராமபத்ரனும் தட்டினார். ஐம்பத்தேழு வயது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகு மொத்த வியாபாரியின் கிடங்கில் முப்பது வருஷமாக மாதிரி பார்க்கிற வேலை. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, அதன் குழிவில் வருகிற மிளகை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, மோந்து பார்த்து, இரண்டைக் கடித்து, இது தேறும் இது தேறாது என்று சொல்லிவிடுவார். மிளகு விஷயத்தில் அவர் சொன்னால் பஜாரில் மறுபேச்சு கிடையாது. தன் வயிற்று விஷயத்தில் மட்டும் அவர் மூன்று வருஷமாக ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அவருடைய அண்ணா வெங்கிட்டு பெருங்குடலில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்தார். கண்டுபிடித்தபோதே அது கல்லீரல் வரை போயிருந்தது. அப்போது வைத்தியம் பார்த்தவர், கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு தரம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராமபத்ரனுக்கு அதைக் கேட்டதிலிருந்து கிடங்கில் வேலை கூடிவிட்டது. கேமரா எந்த வழியாகப் போகும் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் கூடியது. மழை ஓயட்டும், ஓணம் போகட்டும், சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

"உங்க அண்ணாவும் இதே மாதிரியாக்கும் சொல்லிண்டிருந்தார்" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி ஒரு நாள், சாயாவை டக்கென்று மேஜையில் வைத்து. "இன்னொரு சீசன் முடியறதுக்கு நான் காத்திருக்க மாட்டேன், கேட்டேளா."

நிர்விக்னாவைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். மெட்ரோ தூண் ஒவ்வொன்றிலும் அவர்கள் விளம்பரம் இருந்தது: ஒரு குடும்பம் பல் தெரியச் சிரிக்கிறது, கீழே 'குடல் புற்றுநோயா? வருமுன் காப்போம்' என்று போட்டிருக்கிறது. வருமுன் காக்கிறவர்கள் என்றால் அவர்களிடம் போவதுதானே முறை.

கேமரா விடுவதற்கு முன்னால் குடலைக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு பொடி. அதை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை சேர்த்திருப்பதாக உறையில் எழுதியிருந்தது. உறையில்தான் எழுதியிருந்தது. அதைக் குடித்தபின் ராமபத்ரன் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்த தூரத்தில் போர்ட் கொச்சிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். மறுநாள் ஆட்டோவில் வெலிங்டன் தீவைத் தாண்டுகிற வரைக்கும் அவர் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. ஆட்டோ மேட்டில் ஏறி இறங்கினபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

கேமராப் பரிசோதனை செய்தவர் டாக்டர் நௌரின். சின்னப் பெண். மட்டாஞ்சேரியிலேயே துணிக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். மயக்கம் தெளிந்ததும் அவள் ஒரு படத்தைக் காட்டினாள். ஈரமான இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு முண்டு, குட்டிக் காளான் மாதிரி.

"இது பாலிப் அங்கிள். குடலோட உள்தோல்ல முளைக்கறது. பதினாலு மில்லிமீட்டர் இருக்கு. பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்லை, இப்போ இது கேன்சர் மாதிரி தெரியலை. ஆனா விட்டு வெச்சா நாளாவட்டத்துல அப்பிடி ஆகறதுக்கு சான்ஸ் உண்டு. உங்க அண்ணனுக்கும் அனேகமா இப்பிடித்தான் தொடங்கியிருக்கும். இதுல ஒரு கம்பி வளையத்தை மாட்டி அறுத்து எடுத்துட்டா அதோட கதை முடிஞ்சுது."

ராமபத்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாவின் கதை இப்படி ஒரு முண்டில் தொடங்கி, யாரும் உள்ளே பார்க்காததால் அப்படி முடிந்திருக்கிறது. தன்னுடையது முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்போ எடுத்தாச்சு, இல்லையா?"

"இல்ல அங்கிள்" என்றாள் நௌரின். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க கையெழுத்துப் போட்டது பாக்கறதுக்கு மட்டும் சம்மதம். எடுக்கறதுக்கு வேற சம்மதம். மத்த இடத்துல எல்லாம் ரெண்டையும் ஒண்ணாத்தான் வாங்குவாங்க. இங்க தனித்தனி."

உள்ளே போயாயிற்று, அதைப் பார்த்தாயிற்று, கம்பியும் அந்த அறையிலேயேதான் இருந்திருக்கிறது. ராமபத்ரன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார், புரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். டாக்டர்களைச் சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமில்லை. தவிர, அறுக்கவில்லை என்று கேட்டபோது அடிமனசில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவர் ரொம்ப வெட்கப்பட்டார்.

நீக்கச் சம்மதம் வாங்குவதற்கு ஒரு தனி அறை இருந்தது. அங்கே ஸுப்ரியா ஒரு பெரிய புத்தகத்திலிருந்து, பாலிப்பை எடுத்தால் என்னவெல்லாம் நேரலாம் என்பதைப் பதினோரு தலைப்பில் படித்தாள். ரத்தம் கசியலாம். குடலில் ஓட்டை விழலாம். விழுந்த ஓட்டையைத் தைக்க வேண்டிவரலாம். தைத்தது பிரியலாம். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு ராமபத்ரனைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் சந்தியாவந்தனம் மாதிரி சொன்னார். ஒவ்வொன்றும் சொல்லி முடிந்ததும், "இப்பவும் எடுக்கணுமா சார்?" என்று கேட்டாள்.

"எடுக்கணும்" என்றார் அவர், பதினோரு தடவையும்.

ஸுப்ரியாவின் முகம் வாடிவிட்டது. வழக்கமாக ஐந்தாவதிலேயே ஆட்கள் எழுந்து போய்விடுவார்களாம். எடுக்காமல் விட்டால் என்ன நேரும் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள். அது வேறு துறை என்றாள் ஸுப்ரியா, பிறகு அவர்களை டைரக்டரின் அறைக்கு அழைத்துப்போனாள்.

டைரக்டர் டாக்டர் ஹரிநாராயணன் வெள்ளைக்கோட்டுப் பையில் தங்கப் பேனா வைத்திருந்தார். பாலக்காட்டுக்காரர். ராமபத்ரனின் பூர்விகமும் பாலக்காடு என்று தெரிந்ததும் சொந்தக்காரர் மாதிரி சந்தோஷப்பட்டார்.

"பாருங்கோ ராமபத்ரன், பாலிப்பை எடுக்கறபோது நூத்துல ஒருத்தருக்கு ரத்தம் வரலாம். ஆனா நம்ம ஆஸ்பத்திரியில இத்தனை நாளா ஒருத்தருக்குக்கூட ரத்தம் வந்ததில்லை. கேரளத்துல இப்பிடிச் சொல்லிக்க வேற ஆள் கிடையாது."

"இத்தனை நாள்ல எத்தனை பேருக்கு எடுத்திருக்கேள்?" என்றார் ராமபத்ரன், மரியாதையாக.

"அதைத்தானே சொல்றேன். ஒருத்தருக்கும் ரத்தம் வந்ததில்லை."

டைரக்டர் சிரித்துக்கொண்டே மூன்று மாசம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். தேதி கையில் வந்ததும் மனுஷனுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ராமபத்ரன் அதை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார். மறுபடி பொடி, மறுபடி இரண்டு லிட்டர், மறுபடி ஆட்டோ. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வரவேற்பறை முழுக்கப் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை 499 என்றது.

"நாளைக்கு ஐநூறாவது நாள் சார்" என்றாள் ஸுப்ரியா. அவள் கையில் இன்னும் ஊதாத ஒரு பலூன் இருந்தது. "மேயர் வராங்க. கேக்குல ஏற்கனவே 500னு எழுதியாச்சு. இன்னைக்குப் போய் அறுத்து, ஏதாவது ஒரு சொட்டு வந்துட்டா, ஒண்ணுலேர்ந்து தொடங்கணும். நீங்களே சொல்லுங்க சார், மனசு வருமா?"

குடலைக் கழுவிக்கொண்டு வந்த ஆளை வெறுமனே அனுப்பக் கூடாது என்று கேமராவை விட்டு, பாலிப்பின் மேல்தோலில் ஒரு கிள்ளு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிள்ளினால் ரத்தம் வராதா என்று அனந்தலக்ஷ்மி கேட்டதற்கு, அது ஒரு சொட்டு, அது கணக்கில் வராது என்றார்கள். ஐந்து நாளில் முடிவு வந்தது: கிள்ளிய துண்டில் புற்றுநோய் இல்லை. ஸுப்ரியாவே தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாள். புற்றுநோயே இல்லாதபோது எடுப்பது அவசியமா என்பதை முடிவுசெய்ய இப்போது பாலிப் மறுஆய்வுக் குழு கூடும் என்றும், அதில் ராமபத்ரன் நேரில் ஆஜராகலாம் என்றும் சொன்னாள்.

குழுவில் ஏழு பேர். டைரக்டர், ஸுப்ரியா, சட்ட ஆலோசகர், விளம்பரப் பிரிவின் தலைவர், கட்டடப் பராமரிப்பு எஞ்சினியர், காண்டீன் மேற்பார்வையாளர், நோயாளிகள் பிரதிநிதியாக டைரக்டரின் மைத்துனர். பாலிப்பைக் கண்ணால் பார்த்திருந்த டாக்டர் நௌரின் சிறப்பு அழைப்பாளராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஓட்டு கிடையாது.

ராமபத்ரன் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். ஆனால் மாதிரி என்கிற பேச்சு வந்ததும் அவருக்கு நாக்கு சரளமாயிற்று. மாதிரி அவருடைய தொழில்.

"மூட்டையோட வாயில குத்தூசியைப் போட்டா வாயில இருக்கற மிளகுதான் வரும் சார். அது நன்னா இருக்கும். அடியில ஈரம் ஏறிப் பூசணம் பிடிச்சிருந்தா அது அந்த ஊசியில வராது. எங்க மொதலாளி மேலாப்புல பார்த்து ஒரு லாரி வாங்கினார், பாதி குப்பையா போச்சு. எனக்குச் சந்தேகம் வந்துட்டா மூட்டையையே அவுத்துக் கொட்டிடுவேன். நீங்க கிள்ளினது மேல இருக்கறதையாக்கும். மொத்தத்தையும் எடுத்துப் பாத்தாத்தானே அடியில என்னன்னு தெரியும்?"

நௌரின் நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள் சொல்றதுதான் சார் ஸயன்ஸ்" என்றாள். "இந்த அளவு பாலிப்புன்னா கிள்ளிப் பாத்துட்டு விடறது கிடையாது. முழுசா எடுத்துத்தான் பாக்கணும்."

சட்ட ஆலோசகர், நோயாளி மூட்டையைத் திறக்கக் கோருகிறார் என்று குறித்துக்கொண்டார். காண்டீன் மேற்பார்வையாளர் தன் கிடங்கிலும் மிளகில் பூசணம் வந்ததாகச் சொல்லி, அதற்கு என்ன செய்வது என்று ராமபத்ரனிடம் கேட்டார். டைரக்டர்தான் கூட்டத்தைக் காப்பாற்றினார். நம் நோயாளிகளின் விழிப்புணர்ச்சி எவ்வளவு உயர்ந்திருக்கிறது பாருங்கள், இதை மாதப் பத்திரிகையில் போட வேண்டும் என்று சொன்னவர், விழிப்புள்ள நோயாளிக்கு விழிப்பான கவனிப்புத்தான் மரியாதை என்று முடித்தார். ராமபத்ரனின் பாலிப் 'அதிதீவிரக் கண்காணிப்பு' என்கிற உயர்ந்த வகுப்பில் சேர்க்கப்பட்டது. ஆறுக்கு ஒன்று என்ற ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் எஞ்சினியர். அவருக்கு என்ன கூட்டம் என்று கடைசிவரை சரியாகத் தெரியவில்லை.

அதிலிருந்து மூன்று மாசத்துக்கு ஒரு முறை பொடி, இரண்டு லிட்டர், ஆட்டோ. மூன்று மாசத்துக்கு ஒரு முறை ஒரு படம். அந்தப் படங்களை அவர்கள் வழவழப்பான ஒரு ஆல்பத்தில் தேதி போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள், அட்டையில் அவர் பேரைப் பொன்னெழுத்தில் அச்சடித்து. பதினாலு இருந்தது பதினைந்தாயிற்று. பிறகு பதினேழு. வீட்டுக்கு வந்த நாத்தனார் ஒருத்தி கல்யாண ஆல்பம் என்று நினைத்துப் பிரித்துவிட்டு, அன்று காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அனந்தலக்ஷ்மி அந்த ஆல்பத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். அவளுக்கு எரிச்சல் போய்ப் பயம் வந்திருந்தது. முன்னெல்லாம் கணவரைத் திட்டுகிறவள் இப்போது திட்டுவதில்லை. அவர் சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கிட்டு அண்ணா கடைசியில் எப்படி இளைத்துப் போனார் என்று அவளுக்கு ஓர்மை இருந்தது. ராமபத்ரனும் வேஷ்டியை முன்னைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகிறாரோ என்று தோன்றும். கேட்க வாய் வராது.

ஐந்தாவது தடவை போனபோது பலகையில் 800 இருந்தது. அன்றைக்கு எடுத்துவிடலாம் என்று டைரக்டர் நௌரினிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாராம். மயக்க மருந்து கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். ராமபத்ரன் அரைக்கண்ணில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயிற்றுக்குள் வெளிச்சம் போவதை, சுவர் மடிப்பு மடிப்பாக விலகுவதை, அந்த முண்டு வருவதைப் பார்த்தார். அது இப்போது தலை பெருத்து, ஒரு பக்கம் கொஞ்சம் குழிந்திருந்தது. கேமராவின் பக்கத்திலிருந்து ஒரு கம்பி நீண்டு வளையமாக விரிந்தது. வளையம் பாலிப்பின் தலைமேல் இறங்கி, கழுத்தில் போய் உட்கார்ந்தது.

"இழுத்தா போதும்" என்றாள் நௌரின், தனக்குத்தானே.

கதவு திறந்தது. ஸுப்ரியா தலையை நீட்டினாள். "மேடம், டெல்லியிலேர்ந்து தர ஆய்வுக்குழு வந்திருக்கு. திடீர் விசிட். சார் சொன்னாங்க, இன்னைக்குப் படம் மட்டும் போதும்."

வளையம் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. ராமபத்ரன் தன் மனசுக்குள் இழு, இழு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கு மருந்தில் கட்டிப்போட்டது போலக் கிடந்தது. பிறகு வளையம் தளர்ந்து, மேலே ஏறி, சுருங்கிக் குழாய்க்குள் போய்விட்டது. படம் எடுத்த சத்தம் கேட்டது. பத்தொன்பது மில்லிமீட்டர்.

ஆறாவது தடவை வளையம் வெளியே வரக்கூட இல்லை. ஆயிரத்துக்கு இன்னும் நூற்றுப் பத்து நாள்தான் இருந்தது.

ஆயிரமாவது நாள் விழா ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. ராமபத்ரன்தான் முக்கிய விருந்தாளிகளில் ஒருவர். ஆறு முறை கேமரா போட்டும் ஒரு சிக்கலும் வராத நோயாளி கேரளத்திலேயே அவர் ஒருவர்தான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மேடையில் முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை அவர் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவர் இளைத்திருந்தார்.

டாக்டர் ஹரிநாராயணன் முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஆயிரம் நாள். ஒரு சொட்டு ரத்தமில்லை. ஒரு ஓட்டையில்லை. எப்பிடி சாதிச்சேள்னு லண்டன்லேர்ந்து கேட்டு எழுதறா. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. தொடறதுக்கு முன்னால யோசிங்கோ. யோசிச்சப்புறம் இன்னொரு தரம் யோசிங்கோ. தொட்டா வர்றதுக்குப் பேர் சிக்கல், அது நம்ம தலையில விழும். தொடாம இருந்தா வர்றதுக்குப் பேர் வியாதி. வியாதி பகவான் கொடுக்கறது. இந்த வித்தியாசம் தெரியாம எத்தனையோ நல்ல டாக்டர்கள் பேரைக் கெடுத்துண்டிருக்கா."

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. நோயாளியின் குடும்பத்தார் இரண்டு வார்த்தை பேசலாம் என்று அனந்தலக்ஷ்மியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் எழுந்து நின்றாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதுவரைக்கும் எல்லாரும் நன்னா பார்த்துண்டேள்" என்றாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இவரோடதை எப்போ எடுப்பேள்?"

விழாவை நடத்துகிறவர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, ஒரு இல்லத்தரசியின் எளிய அன்பை இங்கே கண்டோம் என்றார். மறுபடி கை தட்டினார்கள். அப்புறம் கேக் வெட்டினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் நௌரின் பக்கத்தில் வந்து நின்றாள். தட்டைப் பிடித்திருந்த கைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை அனந்தலக்ஷ்மியிடம் கொடுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரின் பேரும் முகவரியும் இருந்தது.

"இங்க வேண்டாம் ஆன்ட்டி. நாளைக்கே வண்டி ஏறுங்க. சந்தனமாரி டாக்டர் தினம் பத்துப் பேருக்கு எடுக்கறாங்க. எப்பவாவது ரத்தம் வரும், வந்தா அங்கேயே கிளிப் போட்டு நிறுத்திடுவாங்க. அவ்வளவுதான் விஷயம்." கொஞ்சம் நிறுத்தி, ராமபத்ரனைப் பார்க்காமல் சொன்னாள்: "இதை நான் அந்த முதல் நாளே சொல்லியிருக்கணும் அங்கிள். வேலை போயிடும்னு பேடி. அன்னைக்கு வளையத்தை மாட்டிட்டுக்கூட எனக்கு இழுக்கக் கை வரலை. என்னை ஷமிக்கணும்."

ராமபத்ரன் அவள் தலையில் கை வைத்தார். கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவரும் மூன்று வருஷம் சீசன் முடியட்டும் என்று சொன்னவர்தானே.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பலகை ஒன்றும் இல்லை. ஏழாவது தடவையாக அந்தப் பொடியைக் குடித்திருந்தார். சம்மதம் ஒரே தாளில் இருந்தது. டாக்டர் சந்தனமாரி ஐம்பது வயதுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஆல்பத்தைக் கடைசியிலிருந்து முன்பக்கமாகப் புரட்டினார். முதல் படத்துக்கு வந்ததும் தேதியை இரண்டு தடவை படித்தார். "பார்த்திருக்காங்களே" என்று மட்டும் சொன்னார்.

ராமபத்ரன் கண் விழித்தபோது மயக்கம் தெளிகிறவர்களுக்கான அறையில் ஒரு கட்டிலில் கிடந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ முனகினார்கள். ஒரு நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு போனாள், திரும்ப மூடவில்லை. பக்கத்துக் கட்டிலில், முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியில், தங்கப் பேனா இல்லாமல், டாக்டர் ஹரிநாராயணன் படுத்திருந்தார்.

டைரக்டருக்கு மருந்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை. மருந்து தெளியாதபோது மனுஷன் வாயில் தடுப்பு இருக்காது.

"ராமபத்ரனா. நன்னாயிருக்கேளா" என்றார். "ஆயிரமாவது நாளை ஒட்டி எங்க சீனியர்களுக்கெல்லாம் சும்மா ஒரு பரிசோதனை பண்ணினோம். எனக்கு ஒண்ணு இருக்குன்னா. நாலு மில்லிமீட்டர். திங்கக்கிழமை பார்த்தா, வியாழக்கிழமை இங்க வந்துட்டேன். அதை வயத்துல வெச்சுண்டு எவனாவது தூங்குவானோ? எப்போ என்னவா மாறும்னு யாருக்குத் தெரியும். பார்த்தா உடனே எடுத்துடணும். நம்ம ஆஸ்பத்திரியில எடுத்துக்க முடியாது, தெரியுமோல்லியோ. ரத்தம் கித்தம் வந்துட்டா... யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ."

"எடுத்தாச்சா?" என்றார் ராமபத்ரன்.

"ரெண்டு நிமிஷம். ஒண்ணும் தெரியலை."

அப்போது டாக்டர் சந்தனமாரி வந்தார். ராமபத்ரனின் கட்டிலோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரை ராமபத்ரன் இதற்கு முன் ஒரு தரம்தான் பார்த்திருந்தார், வெங்கிட்டு அண்ணாவுக்கு முடிவு வந்த அன்று.

"ஐயா, பாலிப்பை எடுக்கதுக்கு முன்னாடி அதோட அடியில ஊசி போட்டுத் தண்ணி ஏத்துவோம். வெறும் பாலிப்புன்னா தோலோட சேர்ந்து மேல தூக்கிக் குடுக்கும், அறுத்துருவோம். உங்களுக்கு ரெண்டு தடவை ஏத்திப் பார்த்துட்டேன். சுத்திலும் எழும்புது, அது மட்டும் எழும்பல. அடியில பிடிச்சுக்கிட்டிருக்கு." அவர் ராமபத்ரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா அது பெரும்பாலும் மாறிருச்சுன்னு அர்த்தம். நான் அறுக்கல. ஸ்கேன் எடுத்துட்டு, ஆபரேஷன் பண்ணி அந்தக் குடல் துண்டையே எடுக்கணும். வேற எங்கயும் பரவலைன்னா நல்லா வர வழி இருக்கு. ஸ்கேன் பார்க்காம நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"மொதல்ல பார்த்த அன்னைக்கு எழும்பியிருக்குமோ?"

சந்தனமாரி மணிக்கட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "எழும்பியிருக்கும்னுதான் நினைக்கேன்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையை லேசாகத் தூக்கினார்.

"டாக்டர், ரத்தம் ஏதாவது வந்துதா அவருக்கு?"

"இல்ல."

"நன்னாச்சு" என்றார் டாக்டர் ஹரிநாராயணன், நிஜமான அக்கறையோடு. தலையைத் தலையணையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

டாக்டர் சந்தனமாரி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கப் போனார். ராமபத்ரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயம் இருந்தது, ரொம்ப இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அவளே வந்துவிட்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே கழற்ற வேண்டியதில்லை, அவளுக்கு அது தோன்றவில்லை. கட்டிலருகே வந்து குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கடைசித் தடவையாகக் கேட்கிற நம்பிக்கை அவள் குரலில் இருந்தது.

"எடுத்துட்டாளா?"

ராமபத்ரன் பக்கத்துக் கட்டிலைக் கையால் காட்டினார்.

"அவரோடதை எடுத்துட்டா" என்றார்.